ஒரு பட்டனை நகர்த்த ஏன் இத்தனை பஞ்சாயத்து?

(திரையில்: பட எடிட்டிங் மென்பொருளான ஜிம்ப்பில் ஒரு காதுகுத்து பேனர். கன்ட்ரோல் எஸ் தட்டப்படுகிறது.)

வணக்கம். யாரும் நிரலை (கோடு) திருத்தி அனுப்பலாம் என்று திறந்துவைத்திருப்பது திறமூல மென்பொருள். அதன் இடைமுகத்தை, அதாவது திரையில் தெரியும் பட்டன், மெனுக்களை, மாற்றுவது ஏன் இவ்வளவு பாடு என்று பார்ப்போம். சேலம் ஐந்து ரோட்டில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனர் தயார். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் ஜேபெக் கேட்கிறார். ஆனால் சேவ் கொடுத்தால் என் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிப்பேன் என்று ஜிம்ப் அடம்பிடிக்கிறது. ஜேபெக் வேண்டுமா, எக்ஸ்போர்ட்டுக்குப் போ.

2012-ல் வந்த 2.8 பதிப்பிலிருந்து இப்படித்தான். லேயர்கள், அதாவது படத்தின் தனித்தனி அடுக்குகள், தெரியாத்தனமாகத் தொலைந்துவிடக் கூடாது என்பது காரணம். நியாயமான காரணம்தான், ஆனாலும் பழைய பயனர்கள் திட்டித் தீர்த்தார்கள். சரி, திறமூல மென்பொருள்தானே, சேலத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி இதை மாற்றி, அந்தத் திருத்தத்தை பேட்ச்சாக அனுப்பினால்? பெரும்பாலும் திரும்பி வரும்.

(திரையில்: பச்சை டிக் விழும் டெஸ்ட்கள்.)

கிராஷ் ஆவதைச் சரிசெய்தால், டெஸ்ட் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்யலாம். இடைமுகத்துக்கு அப்படி ஓர் உரைகல் கிடையாது. மெமரி கையாளும் கோடு என்றால் நாலு பேர்தான் வாய் திறப்பார்கள். ஐகான் நிறம் என்றால் ஊரே வரும். போதாததற்கு, பழகிய விரல்கள் வேறு. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரில் ரொம்ப காலம் பொருளைத் தேர்ந்தெடுக்க வலது கிளிக். புதியவர்கள் மிரண்டார்கள், பழகியவர்களுக்கு அதில்தான் வேகம். 2019-ல் 2.80 பதிப்பு இடது கிளிக்கை இயல்பாக்கியது. வலது கிளிக்கைத் தூக்கி எறியவில்லை, அமைப்புகளில் விட்டுவைத்தார்கள்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஓர் ஆப்ஷன் கேட்பது சோம்பேறித்தனம் என்பேன். ஒவ்வொரு ஆப்ஷனையும் காலத்துக்கும் பராமரிப்பது திட்டத்தின் பொறுப்பாளரான மெயின்டெய்னர் தலையில் விழும். அவர்களில் பலருக்கு இது சம்பளமில்லாத வேலை.

(திரையில்: தமிழ் இடைமுகத்தில் ஒரு பட்டன், பெரிதாக்கிக் காட்டப்படுகிறது.)

வெளியே தெரியாத வேலையும் உண்டு. பட்டனில் உள்ள ஆங்கில வரியைக் கொஞ்சம் திருத்துகிறீர்கள். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தும் மென்பொருளில் அந்த வரியின் பழைய மொழிபெயர்ப்புகள் ஒன்று கழன்றுவிடும், இல்லையென்றால் 'ஃபஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறி விழும். மொழிபெயர்ப்பாளர் வந்து சரிபார்க்கும்வரை அங்கே ஆங்கிலம்தான் தெரியும். அகலத்தை ஆங்கிலத்துக்கு அளவெடுத்திருந்தால் தமிழ் அடங்காது. உயரம் குறைந்தால் 'கீ'யின் மேல்சுழி வெட்டுப்படும். அப்புறம் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர், டார்க் தீம், வலமிருந்து எழுதும் அரபி, உதவிப் பக்கத்தின் படங்கள். ஒரே ஒரு பட்டனுக்கு.

டிசைனர்கள் பாடு இன்னும் மோசம். கோடு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வரிவரியாக ஒப்பிடுவது எழுத்தைத்தான். அழகாக வரைந்து படமாக அனுப்பினாலும், அதைக் கோடாக்க ஒரு ஆள் மனம் வைக்க வேண்டும்.

(திரையில்: எடை தட்டும் கட்டம்.)

அப்படியானால் எது உள்ளே போகும்? செவ்வாய்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடையில் ஒரு திறமூல பில்லிங் மென்பொருள் ஓடுவதாக வைப்போம். எடை 45.325 கிராம். கட்டமோ இரண்டு தசம இடத்தோடு நின்றுவிடுகிறது. கணக்குப் பார்ப்பவர் கடைசி இலக்கத்தைக் குறிப்புப் பெட்டியில் எழுதிவைக்கிறார். இதை அவர் சம்மதத்தோடு திரைப்பதிவு செய்து, "இங்கே தடுமாறுகிறார்" என்று மட்டும் திட்டத்தின் இஷ்யூவில், அதாவது குறைகளைப் பதியும் பக்கத்தில், எழுதுங்கள். தீர்வை உடனே திணிக்காதீர்கள். அந்தப் பதிவைப் பார்த்தவர் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்ல முடியாது. திசை ஒப்புக்கொண்ட பிறகே கோடு. அதுவும் ஒரு பேட்சில் ஒரே மாற்றம், முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு.

மறுத்துவிட்டால்? கோடை நகலெடுத்துத் தனித் திட்டமாக ஃபோர்க் செய்யலாம், 2011-ல் லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோம் 3 வந்ததும் பழைய முகம் வேண்டுமென்றவர்கள் மாட்டே என்று பிரிந்தார்கள், இன்றும் உழைத்துப் பராமரிக்கிறார்கள். தனி ஆளுக்கு அது தாங்காது. மூலக் கோடைத் தொடாமல் தனியாகச் சேர்க்கும் பிளக்-இன் போட வழி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு யார் ஒப்புதலும் வேண்டாம், எழுதி முடித்த அன்றே கடையில் ஓட்டிப் பார்க்கலாம்.