ஊசித் துளை வழியே தமனிப் புடைப்புக்குச் சிகிச்சை

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம்.

மூளையின் தமனி ஒன்றில் புடைப்பு இருக்கிறது என்று சொன்னதும், நோயாளியுடன் வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "மண்டையைத் திறக்க வேண்டுமா, டாக்டர்?" திறக்காமலே, தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஓர் ஊசித் துளை போட்டு, அதன் வழியாகவே சரிசெய்யும் முறை இருக்கிறது என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதி எனக்கும் ஆறுதல் தரும். ஆனால் கூடவே ஒரு கவலையும் வந்துவிடும். துளை சிறியது என்பதால் நோயும் சிறியது, சிகிச்சையும் சிறியது, அதன் ஆபத்தும் சிறியது என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாதே என்பதுதான் அந்தக் கவலை. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

பழைய சைக்கிள் டியூபில் ஓரிடம் மட்டும் மெலிந்து, காற்றடிக்கும்போது அந்த இடம் குமிழாகப் பிதுங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தமனியின் சுவரிலும் அப்படி ஓரிடம் வலுவிழந்து பிதுங்கி நிற்பதைத்தான் மருத்துவத்தில் அனியூரிசம் என்கிறோம். மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் கிளை பிரியும் கவைகளில், ரத்தம் வேகமாக மோதித் திரும்பும் இடங்களில், இது அதிகமாகத் தோன்றுகிறது. வயது வந்தோரில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் முழு ஆயுளையும் வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெடித்துவிட்டால் நிலைமை வேறு. மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு நடுவே ரத்தம் பாய்ந்து பரவும். வாழ்நாளில் அதுவரை கண்டிராத கடுமையான தலைவலி, இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் உச்சத்தை எட்டும். வாந்தி வரும், கழுத்து விறைக்கும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, சிலர் நினைவிழந்து விழுந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட தலைவலியை மாத்திரை போட்டுப் படுத்துத் தூங்கிக் கழிக்கக் கூடாது. வெடித்த புடைப்பு மீண்டும் வெடிக்கும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாம் முறை வெடித்தால் பலர் பிழைப்பதில்லை. வெடிக்காத நிலையிலேயே எச்சரிக்கும் அடையாளம் ஒன்றும் உண்டு: ஒரு கண்ணின் இமை திடீரெனத் தொங்கி, பாப்பா விரிந்து, பார்வை இரண்டாகத் தெரிவது. கண்ணை அசைக்கும் நரம்பைப் புடைப்பு அழுத்துகிறது என்பது அதன் பொருளாக இருக்கலாம். கண் நோய் என்று எண்ணி அதை வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

தமனிகளை உயிருள்ள மனிதரின் தலைக்குள் கண்ணால் காணும் வழி 1927-இல்தான் பிறந்தது. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனிக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி, மூளையின் ரத்தக்குழாய்களைப் படமாக்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1937-இல் அமெரிக்காவின் வால்டர் டேண்டி மண்டையைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் ஒன்றை மாட்டி அதை ரத்த ஓட்டத்திலிருந்து துண்டித்தார். கிளிப் போடும் அந்த அறுவைச் சிகிச்சை இன்றும் பெருமைக்குரிய இடத்தில்தான் இருக்கிறது. சில புடைப்புகளுக்கு இன்றும் அதுவே சிறந்தது என்பதை, தமனிக்குள் வழியாகச் சிகிச்சை செய்பவனாகிய நானே உறுதியாகச் சொல்வேன்.

வெளியிலிருந்து இறுக்குவதற்குப் பதிலாக உள்ளிருந்தே அடைத்துவிட முடியாதா என்ற எண்ணத்துக்கு முதலில் வடிவம் கொடுத்தவர் மாஸ்கோவின் ஃபியோதர் செர்பினென்கோ. தமனிக்குள் கொண்டுசென்று, ஊதி, அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடிய சிறு பலூன்களை அவர் உருவாக்கினார். 1974-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய கட்டுரை உலகம் முழுவதும் மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் பலூனுக்கு ஒரு குறை இருந்தது. புடைப்பு எந்த வடிவத்தில் இருந்தாலும் பலூன் தன் வடிவத்தையே அதன் மேல் திணிக்கும். மெலிந்த சுவர் அதைத் தாங்காது. இத்தாலியரான குய்டோ குக்லியெல்மி லாஸ் ஏஞ்சலிஸில் பணியாற்றியபோது கண்டுபிடித்த பிளாட்டினம் காயில் இந்தக் குறையைப் போக்கியது. தலைமுடி போன்ற மெல்லிய, மிருதுவான பிளாட்டினம் இழை அது. புடைப்புக்குள் செல்லும்போது தானாகச் சுருண்டு, இருக்கும் இடத்தின் வடிவத்துக்கு இணங்கி அமரும். இடம் சரியில்லை என்றால் வெளியே இழுத்துக்கொண்டு மறுபடி முயலலாம்; சரியாக அமர்ந்த பிறகு, மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் காயிலைத் தாங்கும் கம்பியின் இணைப்பு கரைந்து, காயில் மட்டும் உள்ளே தங்கிவிடும். 1990-இல் முதல் நோயாளிக்கு இது செய்யப்பட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்தது "திரும்ப எடுக்க முடியும்" என்ற அந்த ஒரு குணம்தான். கைக்குத் தவறைத் திருத்திக்கொள்ள அது வாய்ப்புத் தருகிறது.

சிகிச்சை நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் முழு மயக்கத்தில்தான் இது செய்யப்படுகிறது. ஒரு மில்லிமீட்டர் அசைவுகூட இங்கே பெரிய அசைவு. தொடை இடுக்குத் தமனியிலிருந்தோ மணிக்கட்டுத் தமனியிலிருந்தோ நுழையும் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய், மார்புக்குள் உள்ள பெருந்தமனியைக் கடந்து கழுத்துவரை செல்கிறது. அதற்குள்ளிருந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட நுண்குழாய் புறப்பட்டு, மூளைத் தமனியின் வளைவுகளைத் தாண்டிப் புடைப்பின் வாயில்வரை போகிறது. இரண்டு கோணங்களிலிருந்து ஒரே நேரத்தில் எக்ஸ்ரே படம் திரையில் ஓடிக்கொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே கை நகர்கிறது. முதலில் பெரிய காயில் ஒன்று கூடுபோல் அமர்கிறது. பிறகு அதனுள் சிறியவை ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புகின்றன. கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்: நன்றாக நிரப்பிய புடைப்பிலும் பிளாட்டினம் அடைத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ கால் பங்குதான். மீதியை நிரப்புவது ரத்தமே. காயில்களுக்கு நடுவே ஓட்டம் தளர்ந்து, ரத்தம் உறைந்து, காலப்போக்கில் புடைப்பின் வாயிலில் புதிய உட்சுவர் வளர்ந்து மூடுகிறது. அந்த மூடல் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வெளியானது. வெடித்த புடைப்புடன் வந்து, இரண்டில் எந்தச் சிகிச்சைக்கும் ஏற்றவர்களாக இருந்த 2143 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழும் நிலைக்கு வந்தவர்களும், காயில் வைக்கப்பட்டவர்களில் 100-க்கு 24 பேர் அளவிலும் கிளிப் போடப்பட்டவர்களில் 100-க்கு 31 பேர் அளவிலும் இருந்தார்கள். அந்த வேறுபாடு உலகெங்கும் நடைமுறையை மாற்றியது. அதே ஆய்வின் தொடர்ச்சி, காயில் வைத்தவர்களுக்கு மறுசிகிச்சை தேவைப்படுவது அதிகம் என்பதையும் காட்டியது. முதல் செய்தியைக் கேட்டு மகிழ்பவர்கள் இரண்டாவதையும் கேட்க வேண்டும். அதனால்தான் ஆறு மாதம் கழித்து, பிறகு ஓராண்டு, மேலும் சில ஆண்டுகள் என்று மறுபடி மறுபடி படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

புடைப்பின் வாய் அகலமாக இருந்தால் காயில் வெளியே சரிந்துவிடும். அப்போது தமனியில் ஒரு பலூனைத் தற்காலிகமாக ஊதித் தாங்குவதோ, வலைக்குழாய் போன்ற ஸ்டென்ட் ஒன்றை நிரந்தரமாக வைப்பதோ வழக்கம். மிகப் பெரிய புடைப்புகளுக்கு, புடைப்புக்குள்ளேயே போகாமல், அது கிளம்பும் தமனியின் உள்ளே மிக நெருக்கமாகப் பின்னிய உலோக வலையை விரிக்கும் முறையும் வந்திருக்கிறது. ரத்தம் வலையின் வழியே நேராகச் சென்றுவிட, புடைப்புக்குள் அது தேங்கி மெல்ல உறைகிறது. இது மாதக்கணக்கில் நடக்கும் மாற்றம். சிகிச்சை முடிந்த அன்று எடுக்கும் படத்தில் புடைப்பு பெரும்பாலும் அப்படியே தெரியும்.

கழுத்துத் தமனியில் வரும் புடைப்பு அரிது. அதன் குணமும் வேறு. அடிபடுவது, தமனிச் சுவரின் உள்ளடுக்கு கிழிவது, தொற்று, முன்பு செய்த அறுவை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இது வெடிப்பதைவிட, உள்ளே உறைந்த ரத்தத்தின் துணுக்கு மூளைக்குப் பறந்து பக்கவாதத்தை உண்டாக்குவதே அதிகக் கவலை தருவது. கழுத்தில் நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் கட்டியை நெறிக்கட்டி என்று எண்ணி யாரும் அழுத்தவோ ஊசி குத்தவோ விடாதீர்கள். லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் 1805-இல் இத்தகைய புடைப்புக்காகக் கழுத்துத் தமனியையே கட்டினார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. 1808-இல் மறுபடி செய்தபோது நோயாளி பிழைத்து, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு பக்கத்துத் தமனி அடைபட்டால் மறுபக்கத்து ரத்தம் ஈடுகொடுக்குமா என்பது அன்று அறிய முடியாததாக இருந்தது. இன்று அந்த இடத்தில் பலூனைச் சற்று நேரம் ஊதி, நோயாளி விழித்திருக்கும்போதே கை, கால், பேச்சைச் சோதித்துப் பார்க்க முடிகிறது. பெரும்பாலும் தமனியைக் காப்பாற்றியே, துணி போர்த்திய ஸ்டென்ட்டை உள்ளே விரித்துப் புடைப்பை ஒதுக்கிவிடுகிறோம். உள்ளடுக்கு கிழிந்ததால் வந்த சிறிய புடைப்புகள் பல, மருந்தோடும் கண்காணிப்போடும் அமைதியாகவே இருந்துவிடுகின்றன.

வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தெரிந்த, வெடிக்காத சிறிய புடைப்பை என்ன செய்வது? இதுதான் மிகக் கடினமான கேள்வி. புடைப்பின் ஆபத்து ஆண்டுகள் பலவற்றில் சிறிது சிறிதாகப் பரவிக் கிடக்கிறது. சிகிச்சையின் ஆபத்தோ ஏறத்தாழ முழுவதும் அந்த ஒரே நாளில் வந்து நிற்கிறது. நுண்குழாய் நகரும்போது புடைப்பு கிழியலாம்; ரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம். இவை அரிதாகவே நடந்தாலும், நடந்த வீட்டில் அது அரிதல்ல. மூளையின் முன்பகுதித் தமனிகளில் 7 மில்லிமீட்டருக்குக் குறைவான புடைப்புகள் வெடிக்கும் வாய்ப்பு பொதுவாகக் குறைவு. ஆனால் அளவு மட்டும் போதாது. இருக்கும் இடம், வடிவம், வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்கேனும் இது வெடித்ததா என்பது எல்லாம் கணக்கில் சேரும். பெற்றோர், உடன்பிறந்தோரில் இருவருக்கோ அதற்கு மேலோ இந்நோய் இருந்தாலும், பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் இருந்தாலும், மருத்துவரைக் கேட்டு ஒருமுறை எம்.ஆர்.ஐ. ஆஞ்சியோகிராம் பார்த்துக்கொள்வது நல்லது. "பொறுத்திருந்து பார்ப்போம்" என்று மருத்துவர் சொன்னால், அவர் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று பொருளல்ல. அந்தக் காலத்தில் உங்கள் பங்காகப் புகைப்பதை அடியோடு விட்டுவிட்டு, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, மாத்திரை. ஸ்டென்ட்டோ வலையோ வைக்கப்பட்டவர்களுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரல் போன்ற இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படும். வலையின் மேல் புதிய உட்சுவர் வளர்ந்து மூடும்வரை, வெறும் உலோகத்தின் மேல் ரத்தம் உறையாமல் காப்பவை இவையே. துளை ஆறி, நோயாளி ஒரு வாரத்தில் வேலைக்கும் திரும்பிவிடுகிறார். உடம்பில் வலியில்லை, வடுவில்லை. பிறகு எதற்கு இந்த மாத்திரை என்று மூன்றாம் மாதத்தில் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக முடிந்த சிகிச்சை இப்படிப் பக்கவாதத்தில் போய் முடிவதை நான் கண்டிருக்கிறேன். அது இன்றும் என் மனத்தை அறுக்கிறது. பல் பிடுங்குவதற்கோ வேறு சிறு அறுவைக்கோ மாத்திரையை நிறுத்தும்படி யாராவது சொன்னால், நிறுத்துவதற்கு முன் ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் கேளுங்கள். உங்களுக்கு வைத்த கருவியின் பெயரும் வைத்த தேதியும் எழுதிய அட்டையை எப்போதும் பையில் வைத்திருங்கள், பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்திலும், நீங்கள் பேச முடியாத நிலையில் யாரோ உங்களை மருத்துவமனையில் சேர்க்கும்போதும், உங்களுக்காகப் பேசப்போவது அந்த அட்டைதான்.

நன்றி. வணக்கம்.