"பேசுக" என்ற ஒற்றைச் சொல்

(காரைக்குடியில், அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

கலெக்டராவது எப்படி என்று சொல்லித்தரப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நான் பேச வந்தது, தலைமுடி நரைத்தபின் நீங்கள் அரசுத் துறைச் செயலாளராக உட்காரும் நாற்காலியைப் பற்றி, அதற்குரிய பொறுப்பைப் பற்றி.

மேலே இருப்பவர் பொறுப்பேற்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்தது. கடைக் கணக்குக்கு முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியவர் மேலாள். பையனைக் கைகாட்டிவிட்டுத் தப்ப முடியாது.

கோட்டையில், அதாவது தலைமைச் செயலகத்தில், தப்பலாம்! ஒரு கண்மாய் ஆக்கிரமிப்புக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அகற்ற வேண்டும் என்று உதவிப் பிரிவு அலுவலர் விதியைக் காட்டிக் குறிப்பு எழுதுகிறார். படிப்படியாக ஒப்பம் விழுந்து கோப்பு மேலே போகிறது. அங்கே ஓரத்தில் செயலாளர் எழுதும் ஒற்றைச் சொல்: "பேசுக". பேசுகிறார்கள். பேசியது காகிதத்தில் ஏறுவதில்லை. கோப்பு கீழே இறங்கியதும், "மேலும் பரிசீலிக்கலாம்" என்று புதுக் குறிப்பு வருகிறது. அதுவும் அதே உதவிப் பிரிவு அலுவலரின் கையெழுத்திலேயே. பின்னாளில் வழக்கோ தணிக்கையோ வந்தால், ஓய்வுபெற இருக்கும் அந்த மனிதர் கையில் 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு. பேசச் சொன்னவர் வேறு துறையில் சௌக்கியமாக இருப்பார்.

விதி இல்லாமலா? 1968-ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணி நடத்தை விதிகளே, மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், வாயால் சொன்னால் விரைவில் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்கின்றன. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றமும் வாய்மொழி உத்தரவுகளைப் பதிவுசெய்யச் சொன்னது. 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் பட்டேல், தம் கருத்துக்கு எதிராகவே தம் செயலாளர் குறிப்பு எழுதலாம் என்றார். அந்தச் சுதந்திரத்தை முதலில் பயன்படுத்த வேண்டியவர் மூத்த அதிகாரி. கடைசிப் படியில் இருப்பவரை முன்னால் தள்ளுவது எனக்குக் கோழைத்தனமாகவே படுகிறது.

எழுதினால் பணியிடம் மாற்றிவிடுவார்களே என்கிறீர்கள். மாற்றலாம். குறிப்பு கோப்பிலேயே இருக்கும். அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று. முடிவு, மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சருடையது. மாற்றுக் கருத்தை எழுதியபின், சட்டத்துக்கு உட்பட்ட அந்த முடிவை முணுமுணுக்காமல் நிறைவேற்றுவதும் அதே அதிகாரியின் வேலைதான். சட்டத்துக்குப் புறம்பான உத்தரவென்றால் என்ன செய்வது என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். எழுத்தில் கேளுங்கள், தம்பி. அப்படிப்பட்ட உத்தரவுகளில் பல எழுத்துக்கு வருவதே இல்லை.