ஏஹெச்சிஐயா, ரெய்டா? டிஸ்க் டிரைவரை முடிவு பண்றது பயாஸ்தான்

வணக்கம். சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர்ல ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கி, எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் ஏத்தப் போறீங்கன்னு வச்சுக்குவோம். விண்டோஸும் டிஸ்க்கும் பேசிக்க உதவுற சாஃப்ட்வேர்தான் டிரைவர். அதுக்கு இன்டெலோட ஆர்எஸ்டி டிரைவர் வேணுமா, இல்ல விண்டோஸ் கூடவே வர்ற ஸ்டோர்ஏஹெச்சிஐ டிரைவர் போதுமா?

டிவைஸ் மேனேஜருக்குப் போறதுக்கு முன்னாடி பயாஸை, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்கைப் பாருங்க. அங்க சாட்டா மோடுன்னு ஒண்ணு இருக்கும், டிஸ்க்கை எப்படி நடத்தணும்னு சொல்றது அதுதான். ஏஹெச்சிஐ சாதாரண முறை, ரெய்ட் பல டிஸ்க்கைச் சேர்த்து ஒண்ணா நடத்துற முறை. ஏஹெச்சிஐன்னு வச்சா, டிஸ்க்கை நடத்துற சிப்பான கன்ட்ரோலர், தான் எந்த வகைன்னு காட்டுற கிளாஸ் நம்பரை 0106-ன்னு சொல்லும். ரெய்ட்னு வச்சா 0104. சிப் அதேதான், சொல்ற அடையாளம்தான் வேற. 0106-னா மைக்ரோசாஃப்டோட பொது டிரைவரே வந்து உக்காந்துக்கும். 0104-னா இன்டெல் டிரைவர் இருந்தாத்தான் டிஸ்க் தெரியும். டெல் கம்ப்யூட்டர்கள்ல பலதும் ஃபேக்டரியிலேயே ரெய்ட் ஆன்ல வரும், உள்ள ஒரே ஒரு டிஸ்க் இருந்தாலும்.

ஒரே டிஸ்க்னா ஏஹெச்சிஐக்கு மாத்திடுங்க. அழிச்ச ஃபைலோட இடம் காலின்னு எஸ்எஸ்டிக்குச் சொல்ற டிரிம் ஒழுங்கா வேலை செய்யும், லினக்ஸ் போட்டாலும் டிஸ்க் தெரியும், அந்த டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினாலும் பூட் ஆக வாய்ப்பு அதிகம். வேகத்துல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கிட்டு இருந்தா, பயாஸ்ல மட்டும் போய் மாத்திடாதீங்க. புது மோடுக்கான டிரைவரை விண்டோஸ் பூட் நேரத்துல எடுக்காது, நீலத் திரையில இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்னு வந்து நிக்கும். முதல்ல விண்டோஸ்ல இருக்குற எம்எஸ்கான்ஃபிக்ங்கிற செட்டிங் புரோகிராமைத் திறந்து, பூட் டேப்ல சேஃப் பூட், மினிமல் டிக் பண்ணுங்க. ரீஸ்டார்ட் பண்ணி நேரா பயாஸுக்குள்ள போய் மோடை மாத்துங்க. சேஃப் மோடு தேவையான டிரைவரைத் தானே தேடி எடுத்துக்கும். உள்ள வந்ததும் அந்த டிக்கை எடுத்துட்டு மறுபடி ரீஸ்டார்ட். அவ்வளவுதான் வேலை.

ஆனா ரெண்டு இடத்துல மாட்டிக்குவீங்க. சேஃப் மோடுல பின் நம்பர் சில சமயம் எடுக்காது, அக்கவுன்ட் பாஸ்வேர்ட் கைவசம் இருக்கணும். அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்ல இருக்குறதைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி. ஹோம் எடிஷன்லகூட டிவைஸ் என்கிரிப்ஷன்ங்கிற பேர்ல அது உங்களுக்கே தெரியாம ஆன்ல இருக்கலாம். பயாஸைத் தொடுறதுக்கு முன்னாடி சஸ்பெண்ட் பண்ணுங்க, 48 இலக்க ரெகவரி கீயை ஃபோன்லயோ பேப்பர்லயோ வச்சுக்கங்க. அந்தக் கீ இல்லாம பூட்டு விழுந்துடுச்சுன்னா, டேட்டா போனது போனதுதான்.

ஒண்ணுல இருக்குறதே இன்னொண்ணுலயும் இருக்குற மாதிரி, ரெண்டு டிஸ்க்கை ஆர்எஸ்டி வழியா மிரர் பண்ணி வச்சிருக்கீங்களா? அப்போ ஏஹெச்சிஐ பக்கமே போகாதீங்க. ரெய்ட் விவரம் டிஸ்க்கோட கடைசிப் பகுதியில எழுதியிருக்கும், பொது டிரைவருக்கு அது புரியாது. ரெண்டும் தனித்தனி டிஸ்க்காத் தெரியும், ஒண்ணுல மட்டும் எழுதிட்டா மிரர் பிரிஞ்சிடும்.

கம்ப்யூட்டர் அரை நிமிஷம் உறைஞ்சு திரும்ப ஓடுறதைப் பார்த்துட்டு டிரைவரை மாத்தறவங்க நிறைய. முதல்ல விண்டோஸ் பதிவுகளைக் காட்டுற ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக் பாருங்க. ஸ்டோர்ஏஹெச்சிஐ பேர்ல ஈவென்ட் நம்பர் 129-ன்னு இருந்தா, டிஸ்க் பதில் சொல்லாததால டிரைவர் அதை ரீசெட் பண்ணியிருக்குன்னு அர்த்தம். சாட்டா கேபிளை மாத்துங்க. அப்பவும் வந்தா பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வச்சுப் பாருங்க. நின்னுடுச்சுன்னா, லிங்க் பவர் சேவிங்ல தூங்கப் போற டிஸ்க் சரியா முழிக்கலைங்கறதுதான் சிக்கல். எந்த டிரைவர் போட்டாலும் லூசான கேபிள் இறுகாது.

இன்டெல் 11-ஆம் தலைமுறையில இருந்து வர்ற லேப்டாப்னா, டிஸ்க்கை இன்டெல் தன் கட்டுப்பாட்டுல வச்சுக்கிற விஎம்டிங்கிற வசதி இருக்கலாம். அது ஆன்ல இருந்தா விண்டோஸ் செட்டப்ல டிஸ்க்கே காட்டாம போகலாம். பயாஸ்ல ஆஃப் பண்ண வழி இருந்தா பண்ணுங்க. சில லேப்டாப்ல அந்த வரியே இருக்காது. அப்போ ஆர்எஸ்டி டிரைவரைத் தம் டிரைவ்ல போட்டு, செட்டப்ல லோட் டிரைவர் குடுக்கணும். டவுன்லோட் பண்ணின செட்டப் ஃபைலை அப்படியே காப்பி பண்ணினா எடுக்காது. அதைப் பிரிச்சு, உள்ள இருக்குற, டிரைவர் விவரம் அடங்கின ஐஎன்எஃப் ஃபைல் வெளியே தெரியுற மாதிரி ஃபோல்டராப் போடுங்க.