மறையூர் பாம்பாறு: பாறை ஏறி, சந்தனக்காடு தாண்டி, ஆத்தோரமா ஒரு சுத்து

வணக்கமுங்க எல்லாருக்கும். இப்ப நான் நிக்கறது கோவில்கடவுப் பாலத்துக்குப் பக்கத்துல. கேரளா இடுக்கி மாவட்டத்துல, மறையூர்ல இருந்து காந்தலூர் போற ரோட்டுல இருக்கற சின்ன ஊரு. கீழ ஓடறது பாம்பாறு. தண்ணிச் சத்தத்துல என் பேச்சு கேக்குதான்னு தெரியல, கொஞ்சம் உரக்கவே பேசறேன்.

இன்னைக்கு வண்டி கிடையாதுங்க. இங்கிருந்து முனியறைப் பாறை மேல ஏறறோம். அந்தப் பக்கமா இறங்கி சந்தனக்காட்டு ரோட்டைப் புடிக்கறோம். அப்புறம் கரும்புக்காட்டுக்குள்ள திரும்பி, ஆத்தோரமாவே நடந்து வந்து இதே பாலத்துல ஏறறோம். நின்னு நிதானமாப் போனா அரை நாள் ஆகும். ஊர்ச்சனங்க தினமும் நடக்கற தடம்தான் பாதி வழி.

எதுக்கு இங்க வந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். நான் தாராபுரத்துப் பக்கம். எங்க அப்பாரு காலத்துல இருந்து எங்க வயலுக்குப் பாயறது அமராவதித் தண்ணி. வாய்க்கால்ல எப்ப விடுவாங்க, மடை எப்ப நம்ம முறைக்கு வரும், இதைப் பேசாத நாளே எங்க வீட்டுல கிடையாது. ஆனா அமராவதின்னா எங்களுக்கு அணையோட சரி. அணைக்கு மேல என்ன இருக்குதுன்னு கேட்டா, மலைங்கன்னு கை காட்டிருவோம். அந்த மலையில ஊரு இருக்குது, வெள்ளாமை இருக்குது, நம்ம பாஷை பேசற சனம் இருக்குது. நமக்கு முன்னாடி இந்தத் தண்ணியைத் தொடறவங்க அவங்கதான். அதை நடந்து பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைங்க.

கேரளாவுல 44 ஆறு. அதுல 41 மேக்க ஓடிருது. கெழக்க திரும்பறது மூணே மூணு: கபினி, பவானி, இந்தப் பாம்பாறு. மூணுமே காவேரிக்குத்தான் வந்து சேருது. பாம்பாறு ஆனமுடிப் பக்கம் இரவிகுளம் மலையில இருந்து இறங்கி வருது. இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டி சின்னாறு சரணாலயத்துக்குள்ள போயி, தூவானம் அருவியா விழுந்து, கூட்டாறுல சின்னாறோட சேருது. அங்கிருந்துதான் அது நம்ம அமராவதி. 1957-ல கட்டின அணையில தேங்கி, உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம், கரூர்னு பாஞ்சு, திருமுக்கூடலூர்ல காவேரியில கலக்குது. 2007-ல காவேரி நடுவர் மன்றம் கேரளாவுக்குன்னு 30 டிஎம்சி ஒதுக்குச்சு பாருங்க, அதுல கபினிக்கு 21, பவானிக்கு 6, பாம்பாத்துக்கு 3. அந்த மூணு டிஎம்சி கணக்குல இருக்கற ஆறுதான் இது.

சரி, நடப்போம். கரையில இருக்கறது தென்காசிநாதர் கோயில். சிவன் கோயிலுங்க. காலைப் பூசை நேரம், உள்ள கேமரா வேண்டாம். கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

இப்ப ஏத்தம். பாத்தீங்கன்னா மண்ணு கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சு வெறும் பாறை ஆரம்பிக்குது. எலுமிச்சைப் புல்லு வாசம் வருதுங்க, காலு பட்டாலே வருது. செருப்போட வராதீங்க, ஷூ போட்டுக்கங்க. மழை பெஞ்ச மறுநாள் இந்தச் சரிவு வழுக்கும்.

அங்க பாருங்க, முதல் முனியறை.

கிட்டக் காட்டறேன். நாலு பக்கமும் பலகைக் கல்லை நட்டு வெச்சு, மேல ஒரே கல்லை மூடியாப் போட்டிருக்காங்க. சுண்ணாம்பு கிடையாது, மண்ணுகூடக் கிடையாது. கல்லு மேல கல்லு உக்காந்திருக்குது, அவ்வளவுதான். ஓரத்துல கையை வெச்சுக் காட்டறேன், என் ஒரு சாண் தாராளமா இருக்குது கனம். இந்தப் பாறையே ஏடு ஏடா உரியறதை இதோ இந்த இடத்துல நல்லாப் பாக்கலாம். உள்ள குனிஞ்சு எட்டிப் பாத்தா, ஒரு ஆளு காலை மடக்கி உக்காரலாம். நிக்க முடியாது. வெளிய வெயிலு காயுது, உள்ள கல்லு சில்லுனு இருக்குது.

ஊருக்குள்ள கேட்டா முனிவருங்க தவம் இருந்த அறைம்பாங்க. சிலபேரு பஞ்சபாண்டவர் வனவாசத்துல தங்கினதும்பாங்க. தொல்லியல்காரங்க இதைக் கற்திட்டைன்னு சொல்றாங்க. இரும்புக் காலத்துச் சனங்க செத்தவங்க நினைவா எழுப்பினது. பழனிமலைத் தொடர்ல தாண்டிக்குடிப் பக்கமும் இதே மாதிரி கற்திட்டைங்க இருக்குது. அதாவது கேரளா, தமிழ்நாடுன்னு கோடு கிழிக்கறதுக்கு எத்தனையோ நூறு வருசத்துக்கு முன்னாடி, இந்த மலையில அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் செத்தவங்களைக் கும்பிடற முறை ஒண்ணா இருந்திருக்குது. எனக்கு இதை நினைச்சாலே ஒரு மாதிரி ஆயிருதுங்க. செத்தவங்களுக்குக் குழி வெட்டறதை விட்டுட்டு, எங்கிருந்து பாத்தாலும் தெரியற பாறை உச்சியில, இவ்வளவு கனத்தைத் தூக்கி வெச்சிருக்காங்க. எத்தனை பேரு சேந்து தூக்கியிருப்பாங்க!

ஆனா இதையும் காட்டித்தான் ஆகணும். இங்க ஒரு மூடிக்கல்லு சரிஞ்சு கிடக்குது. அங்க ஒண்ணுல பெயிண்ட்டுல பேரு எழுதி வெச்சிருக்காங்க. உள்ள பாட்டில். ஏனுங்க இப்படி? உங்க அப்பத்தா சமாதி மேல ஏறி நின்னு போட்டோ எடுப்பீங்களா? மூடிக்கல்லு மேல ஏறாதீங்க. ஒரு கல்லு நகந்தா அதை மறுபடி தூக்கி வெக்கறதுக்கு அந்தக் கையி இன்னைக்கு யார்கிட்டயும் இல்ல.

உச்சிக்கு வந்தாச்சு. முழுசா ஒரு சுத்து திருப்பறேன், பாருங்க. இந்தப் பக்கம் காந்தலூர் மலை, படிப்படியாத் தெரியறது காய்கறி, பூண்டு போடற வயலு. கீழ பச்சையாத் தெரியறது எல்லாம் கரும்பு. நடுவுல நெளிஞ்சு போறது பாம்பாறு. இந்தப் பக்கம் கருகருன்னு இருக்கறது சந்தனக்காடு.

இது மழை மறைவுப் பிரதேசமுங்க. மூணாறு இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்க ஆடி மாசத்துல கொட்டு கொட்டுன்னு கொட்டும். மேகம் அந்த மலையிலயே கொட்டித் தீத்துட்டு இங்க வெறுங்காத்தா வரும். சின்னாத்துப் பக்கம் வருசத்துக்கே சுமார் 500 மில்லிமீட்டர்தான் மழை. நமக்கு மாதிரியே ஐப்பசி, கார்த்திகை மழைதான் இவங்களுக்கும். அப்ப இந்தக் கரும்புக்குத் தண்ணி? மேல சோலையும் புல்வெளியும் மழையைப் புடிச்சு வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடுது பாருங்க, அந்தத் தண்ணி. அதேதான் எங்க வயலுக்கும் வருது.

இறங்கற வழியில ஒரு பாட்டி ஆடு ஓட்டிட்டு வந்தாங்க. அவங்க முகத்தை எடுக்கல, கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க. "எங்கிட்டு இருந்து வர்ற தாயீ? தனியாவா?"ன்னாங்க. தாராபுரம்னேன். "கீழ்நாடா"ன்னு கேட்டுட்டு, "பொழுது சாயறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிரு, ஆனை இறங்கும்"னு சொல்லிட்டுப் போனாங்க. பேச்சைக் கேட்டீங்கன்னா மதுரைப் பக்கத்துப் பேச்சு. மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டகுடி, இந்த அஞ்சு ஊரும் சேந்ததுதான் அஞ்சுநாடு. மதுரையில இருந்து வந்து குடியேறினவங்கன்னு அவங்களே வழிவழியாச் சொல்லிட்டு வர்றாங்க. முதுவர், மலைப்புலையர்னு பழங்குடிங்களும் இந்தக் காட்டுல இருக்கறாங்க. 1956-ல மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளம் தாலுக்கா கேரளாவோட நின்னுருச்சு. 1972-ல இடுக்கி மாவட்டம் வந்துச்சு. கடைப் பலகையில மலையாளமும் தமிழும் ரெண்டும் இருக்குது.

சந்தனக்காட்டு ரோட்டுக்கு வந்துட்டோம். ரெண்டு பக்கமும் கம்பிவலை வேலி. உள்ள போகக் கூடாது, நாமளும் போகப் போறதில்ல. ரோட்டுல இருந்தே நல்லாப் பாக்கலாம். கருப்பா, வெடிச்ச பட்டையோட, அவ்வளவா உசரம் இல்லாம நிக்குது பாருங்க, அதெல்லாம் சந்தனம். நட்டு வளத்ததுன்னு பலபேரு நினைக்கறாங்க. இல்லைங்க, தானா முளைச்ச காடு. குருவி பழத்தைத் தின்னுட்டுப் போட்ட விதையில வந்தது.

மூக்கை எவ்வளவு இழுத்தாலும் மணக்காதுங்க. சந்தன மணம் பட்டையில கிடையாது, இலையில கிடையாது. உள்ள வைரம் பாயணும், அதாவது நடுக்கட்டை முத்தணும், அந்த வைரத்துலயும் வேர்லயும்தான் மணம். அதுக்கு எத்தனையோ வருசம் ஆகும். இன்னொண்ணு, சந்தனம் தனியா வளராது. பக்கத்து மரத்து வேரைத் தன் வேரால புடிச்சு, அதுகிட்ட இருந்து சத்தை வாங்கிக்கும். அதனால சந்தனம் நல்லா இருக்கணும்னா கூட நிக்கற சாதாரண மரமும் நல்லா இருக்கணும். இலை சிறுத்து, கிளையெல்லாம் குச்சி குச்சியா நிமிந்து நிக்கற நோய் ஒண்ணும் இங்க உண்டு. வந்தா அந்த மரம் தேறாது. திருட்டு ஒரு பக்கம், இந்த நோய் ஒரு பக்கம். ராத்திரி முழுக்க வாச்சருங்க டார்ச்சோட இந்த வேலியோரம் நடக்கறாங்க. ஆனையும் காட்டுமாடும் நடமாடற காட்டுல அது. அவங்களுக்கு என் கும்பிடு.

இப்ப கரும்புக்காட்டுக்குள்ள திரும்பறோம். வரப்பு ஒத்தையடிதான், வாய்க்கால்ல தண்ணி ஓடுது. அங்க புகை தெரியுதுங்களா? வெல்லம் காய்ச்சற ஆலை. வாங்க, கேட்டுக்கிட்டு உள்ள போலாம்.

அண்ணா எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. இது மெஷின், கரும்பு உள்ள போகுது, சாறு இந்தப் பக்கம், சக்கை அந்தப் பக்கம். சக்கையை வெயில்ல காயப் போட்டு அதையே அடுப்புக்கு எரிக்கறாங்க, வேற விறகு இல்ல. கொப்பரையில சாறு கொதிக்குது. சுண்ணாம்பு சேத்தா அழுக்கு நுரையா மேல வருது, அதை நீளக் கரண்டியில வழிச்சு எடுத்துட்டே இருக்காங்க. முதல்ல பச்சை கலந்த நிறம், அப்புறம் மஞ்சளு, இப்ப பாருங்க, தவிட்டு நிறத்துல குமிழி பெருசா வெடிக்குது. பதம் பாக்கறதுக்கு அண்ணா சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டு, விரல்ல உருட்டறாரு. உருண்டுச்சு. உடனே மூணு பேரு சேந்து கொப்பரையைத் தூக்கித் தொட்டியில கவுத்தறாங்க. கிளறக் கிளற இறுகுது. சூடு தாங்கற பதத்துல கையாலயே உருட்டறாங்க. அந்த உருண்டையில அஞ்சு விரல் தடமும் பதிஞ்சிருக்குது, கிட்டக் காட்டறேன் பாருங்க. அச்சுல ஊத்தின வெல்லத்துல இது வராது.

ஒரு துண்டு குடுத்தாங்க. உப்புக் கரிப்பே இல்லைங்க, இனிப்பு நேரா வருது. மறையூர் வெல்லத்துக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. ஆனாலும் வெளியூர் வெல்லத்தைக் கறுப்பா உருட்டி மறையூர்னு பேரு சொல்லி விக்கறது நிக்கலைன்னு அண்ணாவுக்கு வருத்தம். இங்க விக்கற விலைக்கு அதோட போட்டி போட முடியல, கரும்பை அழிச்சிட்டு வேற போடறவங்களும் இருக்காங்கன்னாரு. இவ்வளவு தூரம் வர்றீங்க, ரோட்டுக் கடையில வாங்காம ஆலையிலயே வந்து வாங்குங்க. காசு நேரா இந்தக் கைக்குப் போகும்.

இப்ப ஆத்தோரம். வெயிலு போயி திடீர்னு நெழலு. இது புங்கை, அது நீர்மருது, வெள்ளையா வழவழன்னு இருக்குது பாருங்க அடிமரம். இந்த மாதிரி ஆத்தோரத்து மரம் தொடர்ச்சியா நின்னாத்தான் நரை அணிலு இருக்கும். சின்னாறு சரணாலயத்துல அது இருக்குது. பூனை அளவு அணிலுங்க. அது தரையில அதிகம் இறங்காது, கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். நடுவுல நாலு மரத்தை வெட்டிட்டா அதோட பாதை அத்தோட முடிஞ்சுது. இன்னைக்கு இங்க கண்ணுல படல. இருக்கற சத்தமெல்லாம் மீன்கொத்தி.

தண்ணியில காலை நனைச்சுக்கறேன். பாறை நடுவுல சுழி இருக்கற இடத்துல இறங்காதீங்க. மேல மலையில மழை பெஞ்சா இங்க வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும்.

அதோ பாலம் தெரியுது. சுத்து முடிஞ்சுது.

ஜீப்புல வர்றவங்க முனியறையில பத்து நிமிசம், ஆலையில பத்து நிமிசம்னு இறங்கி ஏறிட்டுப் போயிடறாங்க. ஜீப் ஓட்டறவங்க பொழப்பு அது, அதைக் குறை சொல்லல. முடியாதவங்களுக்கு ஜீப்தான் வழி. காலு நல்லா இருக்கறவங்க நடங்க. வாய்க்கால் எங்க ஆத்துல இருந்து பிரியுது, மிச்சத் தண்ணி எங்க திரும்பி ஆத்துல விழுது, இதெல்லாம் நடந்தாத்தான் கண்ணுல படுது.

வர்றவங்களுக்கு: உடுமலையில இருந்து மூணாறு பஸ்ஸுல ஏறினா சின்னாறு வழியா மறையூர். நடுவுல காட்டுக்குள்ள எங்கியும் இறங்காதீங்க. தூவானம் அருவிக்கு நடக்கணும்னா வனத்துறை வழிகாட்டியோடதான் போகணும், கட்டணம் உண்டு. தண்ணி பாட்டில் ஸ்டீல்ல எடுத்துட்டு வாங்க. மழை முடிஞ்சு மார்கழி, தையில வந்தா பாறையும் காஞ்சிருக்கும், ஆத்துலயும் தண்ணி இருக்கும்.

அடுத்து வழிகாட்டியோட சின்னாத்துக்குள்ள போயி, கூட்டாறு வரைக்கும் பாக்கலாம்னு இருக்கேன். உடுமலை, மடத்துக்குளம், தாராபுரம், கரூர்க்காரங்க யாராவது பாத்துட்டு இருந்தா, உங்க வாய்க்கால் பேரு என்ன, எந்த மாசம் தண்ணி வந்து சேருது, என்ன வெள்ளாமை பண்றீங்கன்னு எழுதுங்க. அதையெல்லாம் சேத்து, பாம்பாத்துல இருந்து திருமுக்கூடலூர் வரைக்கும் ஒரு தண்ணித் தடம் வரையணுமுங்க எனக்கு.