டிங்கோ: மணலில் எழுதியிருந்த சாட்சி

[காட்சி: செம்மண் வெளி. தூரத்தில் ஒரு நாய் நடந்து வருகிறது.]

செம்மஞ்சள் நிறம், விறைத்த காது, நுனி வெளுத்த வால். டிங்கோவைப் பார்த்தால், யாரோ கட்டாமல் விட்ட வீட்டுநாய் என்றுதான் தோன்றும். ஆனால் இது ஆஸ்திரேலியாவின் காட்டுநாய். குரைப்பது அபூர்வம், ஊளைதான் அதன் பேச்சு. ஆண்டுக்கு ஒரு முறைதான் குட்டி போடும்.

ஆதியில் இது அந்த மண்ணின் விலங்கும் இல்லை. கடல் கடந்து மனிதரோடு வந்து சேர்ந்தது. நல்லார்பார் சமவெளியில் உள்ள மதுரா குகையில் கிடைத்த எலும்புகளுக்கு வயது 3,000 ஆண்டுகளுக்கு மேல். டாஸ்மேனியாவில் டிங்கோ கிடையாது. அது வருவதற்கு வெகு காலம் முன்பே கடல் நடுவில் புகுந்து அந்தத் தீவைப் பிரித்துவிட்டது.

[காட்சி: பாறை இடுக்கில் குட்டிகள்.]

ஆதிகுடி மக்கள் குட்டிகளை வளையிலிருந்து எடுத்து வந்து வளர்த்தார்கள். பெண்கள் சிலர் தாய்ப்பாலும் கொடுத்தார்கள். குளிர் இரவில் குட்டியும் மனிதரும் ஒட்டிப் படுப்பார்கள். வளர்ந்து பருவம் வந்ததும் பல நாய்கள் காட்டுக்கே போய்விடும். போகிறதா, போகட்டும். செல்லமாக இருந்த சில நாய்கள் செத்தபோது மனிதரைப் போலவே புதைத்திருக்கிறார்கள். இவ்வளவு அழகான ஓர் உறவை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம் ஐரோப்பியர் ஆடுகளோடு வந்தார்கள். டிங்கோ எதிரியானது. விஷம், துப்பாக்கி, கடைசியில் வேலி: இன்றும் சுமார் 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கிறது.

[காட்சி: மாலை வெளிச்சத்தில் உலுரு பாறை.]

சரி, 1980 ஆகஸ்ட் 17. ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு பாறை அருகே கூடார முகாம். ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போகிறாள். டிங்கோ தூக்கிப் போய்விட்டது என்று தாய் லிண்டி சேம்பர்லேன் கதறுகிறார். அன்றிரவே தடம் பார்த்தவர்களில் உள்ளூர் ஆதிகுடியினரும் இருந்தார்கள். மணலில் டிங்கோவின் கால்தடம், எதையோ இழுத்துப் போன கோடு. ஓரிடத்தில் சுமையைக் கீழே வைத்த பள்ளம், அதில் பின்னல் துணி பதிந்த அச்சு.

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் டிங்கோ அப்படிச் செய்யாது என்று ஊர் பேசியது. தாயே குழந்தையைக் கொன்றார் என்று வழக்கு. அந்தக் குடும்பத்தின் காரில் குழந்தையின் ரத்தம் இருந்ததாக ஆய்வக நிபுணர்கள் சொன்னார்கள். 1982-இல் தாய்க்கு ஆயுள் தண்டனை. அந்த 'ரத்தத்தில்' பெரும்பகுதி, கார் தயாரிப்பில் ஒலி தடுக்கத் தெளித்த பூச்சு என்று பிறகு தெரிந்தது.

1986-இல் குழந்தையின் மேல்சட்டை உலுரு அடிவாரத்தில், டிங்கோ வளைகள் இருந்த பகுதியில் கிடைத்தது. லிண்டி விடுதலையானார். 1988-இல் தீர்ப்பு ரத்தானது. அசாரியாவை டிங்கோதான் கொண்டுபோனது என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தது 2012 ஜூன் 12-ஆம் தேதி. அன்று அந்தப் பெற்றோர் கையில் புதிய இறப்புச் சான்றிதழ். மணலில் இருந்ததை ஏற்றுக்கொள்ள 32 ஆண்டுகள்.

[காட்சி: காற்றில் கலையும் கால்தடம்.]