எந்தக் களி என்று கேளுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரியில் என் அண்ணன் வீடு கட்டியபோது மண் பரிசோதனை அறிக்கையில் 'களிமண்' என்று மட்டும் இருந்தது, எந்தக் களி என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை, இரண்டாவது மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவர் மூலையிலிருந்து மூலைக்கு விரிந்துவிட்டது. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

களிமண் கனிமம் அப்பளக் கட்டு மாதிரி, தகடு தகடாக அடுக்கியிருக்கும். கயோலினைட் என்ற களி வகையில் ஓர் அடுக்குக்கு 7 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்), இல்லைட் வகையில் 10. ஸ்மெக்டைட் வகைதான் வில்லங்கம். அது இடுக்கில் தண்ணீரை வாங்கி உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியாது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அது எந்தக் கோணத்தில் பலமாகத் திரும்புகிறது என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். பிராக் என்ற அப்பாவும் மகனும் 1915இல் நோபல் வாங்கிய வழி அது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் 1950களில் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்ததும் எக்ஸ் கதிரை வைத்துத்தான்.

எக்ஸ் கதிரைப் பாய்ச்சும் முன் மண்ணிலிருந்து களியை மட்டும் பிரிக்க வேண்டும். மண்ணைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் பெரிய துகள் முதலில் இறங்கும். 20 டிகிரியில் சுமார் 4 மணி நேரம் கழித்து மேல் 5 செ.மீ. நீரை எடுத்தால் 2 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த களி கிடைக்கும். ஏசி இல்லாத நம்ம ஊர் ஆய்வகத்தில், 30 டிகிரியில், 3 மணி நேரமே போதும். இதைக் கவனிக்காமல் 4 மணி நேரம் விட்டுவிட்டால் 2 மைக்ரானுக்குச் சற்றே குறைந்த துகளும் கீழே இறங்கிவிடும். எடுத்த களி நீரைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் காயவிட்டால் களித் தகடுகள் படிந்து படுக்கும், எக்ஸ் கதிர் வரைபடத்தில் அடுக்கின் இடைவெளியைக் காட்டும் கோடு பளிச்சென்று வரும்.

சரி, 14 ஆங்ஸ்ட்ராமில் ஒரு கோடு வருகிறது. உடனே ஸ்மெக்டைட் என்று எழுதிவிடக் கூடாது! குளோரைட், வெர்மிகுலைட் என்ற வேறு இரண்டு கனிமங்களும் அங்கேதான் வரும். களி படிந்த தகட்டை எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியில் ஓர் இரவு வையுங்கள். 17க்கு நகர்ந்தால் ஸ்மெக்டைட். அப்புறம் 550 டிகிரியில் சுட்டால் அது 10க்குச் சுருங்கும், குளோரைட் 14இலேயே நிற்கும். 7இல் வரும் கோட்டிலும் இதே குழப்பம் உண்டு: குளோரைட்டின் இரண்டாம் கோடு அங்கேதான் விழுகிறது, அதனால் கயோலினைட்டா என்று கயோலினைட்டின் 3.58, குளோரைட்டின் 3.54 இரண்டு கோடுகளையும் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அறிக்கை வாங்கும்போது காய்ந்தது, கிளைக்கால் ஏறியது, சுட்டது என மூன்று வரைபடங்களையும் கேளுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், 14இல் நிற்கும் கோட்டுக்கு எப்படிப் பெயர் வைத்தீர்கள் என்று அங்கேயே கேளுங்கள், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால்.