மளிகைக் கடையில் மதுப்புட்டியா?

நேயர்களுக்கு வணக்கம்.

தெருமுனை மளிகைக் கடைக்கு மது விற்க உரிமம் கொடுக்கலாமா என்பதுதான் இன்று நான் பேச வந்த பொருள். திருவாரூரிலிருந்தோ நாகூரிலிருந்தோ கேட்பவர்களுக்கு, இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றும். தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து கடை வைத்து மது விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக் மட்டும்தான். ஆனால் வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலுக்குள் நுழைந்தால் சட்டம் வேறு. அங்கே தனியார் உரிமம் பெற்று விற்கிறார்கள். வயது வரம்பும் வேறு. தமிழ்நாட்டில் 21, புதுச்சேரியில் 18. நாகூர்ப் பையன் சைக்கிளைக் கொஞ்ச தூரம் மிதித்தால் போதும், சட்டத்தின் கண்ணில் அவனுக்கு மூன்று வயது கூடிவிடுகிறது! காவிரித் தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது, புட்டிக்கும் தெரியாது. ஆகவே இது நம் எல்லோருடைய கேள்வியும்தான்.

வேண்டும் என்பவர்களின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது லேசான வாதம் அல்ல. தனி மதுக்கடைக்கு வருகிறவனுக்கு அங்கே குடியைத் தவிர வேறு வேலை இல்லை. வாசலில் கூட்டம், பக்கத்தில் பார், வரப்பில் உடைந்த கண்ணாடி. நாற்று நடும் பெண்களைக் கேளுங்கள், கண்ணாடி கிழித்த பாதத்தைக் காட்டுவார்கள். புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பினால் பணத்தைத் தரும் ஏற்பாடு 2022-இல் நீலகிரியில் காட்டு விலங்குகளுக்காகத்தான் தொடங்கியது. சேற்றில் இறங்குகிறவர்களுக்கும் அது அதே அளவு அவசியம் என்பது என் எண்ணம். மளிகைக் கடையில் பருப்போடு சேர்த்து வாங்கிப்போனால், பெண்களும் பெரியவர்களும் நிற்கும் இடத்தில் வாயை அடக்குவான், வீட்டில் குடிப்பான், வீதியில் விழமாட்டான் என்கிறார்கள்.

இங்கிலாந்தில் இது அன்றாட வழக்கம். லண்டனில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளில் பால், ரொட்டி, கறிவேப்பிலைக்கு அருகிலேயே பீரும் இருக்கும். அங்கே 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, விண்ணப்பித்தவர் கடை வாசலில் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் தர வேண்டும். 28 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபம் வந்தால் உள்ளாட்சி மன்றக் குழு இரு தரப்பையும் அழைத்துக் கேட்கும். மது கெட்டது என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. குற்றம், பொதுப் பாதுகாப்பு, பொதுத்தொல்லை, குழந்தைகளுக்குத் தீங்கு ஆகிய நான்கில் ஒன்றையாவது காட்ட வேண்டும். ஸ்காட்லாந்தில் ஐந்தாவதாகப் பொதுச் சுகாதாரத்தையும் சேர்த்திருக்கிறார்கள்.

நம்மிடம் அளவுகோல் மீட்டர்தான். பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் நகரங்களில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்பது தமிழ்நாட்டு விதி. வருவாய்த் துறையில் டேப் பிடித்து நின்றவன் நான். டேப் வாசலை அளக்கும், வாசலில் நிற்பவர் யார் என்று கேட்காது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு பல கடைகள் குடியிருப்புகளுக்கு நடுவே இடம் தேடின. அதை எதிர்த்துப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள்.

மளிகைக் கடைக்கு இந்த மீட்டர்க் கணக்கு சுத்தமாகப் பொருந்தாது. கடை பள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளியிருந்தால் என்ன, பள்ளிப் பிள்ளைதானே அங்கே வாடிக்கையாளர்? புளி வாங்க அனுப்புவதும் அந்தப் பிள்ளையைத்தான். 'அப்பா வாங்கி வரச் சொன்னார்' என்று எதிரில் நிற்கும் பிள்ளையிடம், அந்த அப்பாவோடு தினமும் முகம் பார்த்துப் பழகும் அண்ணாச்சி எத்தனை நாள் மறுப்பார்?

அதைவிடப் பெரியது கடையின் கடன் கணக்கு நோட்டு. நம் பகுதியில் மளிகைக் கடை என்பது பாதி வங்கி. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கணக்கில் ஏறும்வரை பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்த நோட்டால்தான். கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுத் தொழிலாளி வீட்டுக்கு அப்போது அரிசி தருவதும் அதே நோட்டுதான். டாஸ்மாக்கை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், நானும் திட்டுவேன். ஆனால் அங்கே கடன் கிடையாது. கையில் காசு இல்லாதவன் இன்னொருவரிடம் கைமாற்று கேட்டுத்தான் குடிக்க வேண்டும். மளிகைக் கடையில் அந்தத் தடையும் போய்விடும். எண்ணெய்க்கும் பருப்புக்கும் நடுவில் புட்டி ஒரு வரியாக உட்கார்ந்துகொள்ளும். அறுவடைப் பணம் வரும்போதுதான் வீட்டுக்காரி அந்த வரியைப் பார்ப்பாள்.

மதுவுக்குக் கடன் கூடாது என்று நிபந்தனை போடலாமே என்பீர்கள். போடலாம். அண்ணாச்சியின் நோட்டை எந்த அதிகாரி வாரந்தோறும் புரட்டப்போகிறார்? ஆகவே, கடனுக்குச் சாமான் தரும் கடைக்கு மது உரிமம் வேண்டாம் என்பேன். தனிக் கட்டடம், தனி ரசீது, ரொக்கம் மட்டும் என்றால் பேசிப் பார்க்கலாம். அப்போது அது மளிகைக் கடையாக இருக்காது என்பது வேறு விஷயம்.

அந்த நீலத் தாளையும் 28 நாளையும் மட்டும் கட்டாயம் இங்கே கொண்டுவரலாம். கொண்டுவந்தால் இரண்டு மாற்றங்கள் தேவை. விசாரணையை வார நாளில் காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் வைத்தால், ஆட்சேபிக்க வேண்டியவர்கள் வயலில் இருப்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு ஊரிலேயே வைக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆட்சேபித்தவர் பெயர் பெரும்பாலும் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். இங்கே அப்படிச் செய்ய முடியாது. நோட்டில் பாக்கி வைத்திருக்கும் பெண் அதே கடைக்காரருக்கு எதிரே எழுந்து நின்று பேச மாட்டாள். அவள் தன் மறுப்பை எழுதியோ எழுதச் சொல்லியோ மூடிய உறையில் போட வழி வேண்டும். உறையைப் பிரிக்கும் அதிகாரியும் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும்.

வணக்கம்.